பால் நிறுக்கும் நேரம்: இலக்கை அளந்து பார்ப்பதன் அறிவியல்

இலக்கு வைத்துக்கொள்வது ஒரு வேலை. அதை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று இடையிடையே நின்று பார்ப்பது இன்னொரு வேலை. முதலாவதற்கு ஒரு சாயங்காலம் போதும். இரண்டாவது மாதக்கணக்கில் நீள்வது. உளவியலார் இதைத் தன்கண்காணிப்பு என்கிறார்கள். இதில் நான்கு உறுப்புகள் உண்டு: எட்ட வேண்டிய குறி, இன்றைய நிலையைக் காட்டும் அளவு, இரண்டையும் ஒட்டிப் பார்க்கும் ஒப்பீடு, வித்தியாசம் தெரிந்ததும் செய்யும் திருத்தம். திருத்திய பிறகு மறுபடியும் அளவு. குளிர்பெட்டிக்குள் சூடு ஏறியதும் மோட்டார் ஓடத் தொடங்குவதும், போதிய அளவு குளிர்ந்ததும் நிற்பதும் இதே சுற்றுதான். இயந்திரங்களிலும் உயிர்களிலும் இந்தச் சுற்று ஒன்றுபோல இயங்குவதை நார்பர்ட் வீனர் 1948-இல் தனி அறிவுத்துறையாகவே வகுத்தார். அதை மனிதர் தம் நடத்தையைத் திருத்திக்கொள்ளும் முறைக்குப் பொருத்தி 1982-இல் விளக்கியவர்கள் சார்ல்ஸ் கார்வர், மைக்கேல் ஷையர் என்னும் இரு அமெரிக்க உளவியலார்.

மலாக்காத் தோட்டத் தமிழர் இந்தச் சுற்றைப் பெயர் தெரியாமலே நன்கு அறிந்தவர்கள். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் தான் சாய் யான், ஆண்டு 1896, இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். அதன்பின் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் எழுந்த தோட்டங்களில் பாலுக்காக மரம் வெட்டிய தலைமுறைகள் ஒவ்வொரு வேலைநாளும் அளவுக்கு உள்ளாயின. ஒருவருடைய உழைப்பு இவ்வளவு அடிக்கடி, இவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்ட தொழில்கள் அதிகமில்லை. அதனால் முன்னேற்றத்தை அளப்பது பற்றி ஆய்வுக்கூடங்கள் பிற்பாடு கண்டவற்றை ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் வைத்தே புரிந்துகொள்ளலாம்.

விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு வெட்டு. ஒரு வெட்டில் ஐந்நூறு மரம் அளவில் இருக்கும். இருட்டோடு வெட்டத் தொடங்குவதற்குக் காரணம் மரத்துக்குள் இருக்கிறது. பட்டையிலுள்ள பால் குழாய்களில் உள்ளழுத்தம் இரவின் கடைசியில்தான் உச்சத்தில் நிற்கும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய்விடும், அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். வெட்டி முடித்துச் சில மணி நேரம் விட்டு, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வர வேண்டும். அங்கே வரிசை. வாளி தராசில் ஏறும்; எடையை உரக்கச் சொல்வார்கள்; கிராணி ஏட்டில் எழுதுவார். பிறகு அந்தப் பாலிலிருந்து சிறிது எடுத்து, அளவாகத் தண்ணீர் கலந்து, அதில் மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் கருவியை மிதக்க விடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. பாலில் ரப்பர் கூடுதலாக இருந்தால் கருவி ஆழமாக அமிழும். அது காட்டும் எண்ணைக் கொண்டு உலர் ரப்பர் எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். சாதாரணமாகப் பாலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர்.

ஒரே வாளிக்கு இரண்டு அளவு எதற்கு? 25 கிலோ பாலில் 32 விழுக்காடு ரப்பர் இருந்தால் 8 கிலோ கிடைக்கும். அதில் மூன்று லிட்டர் தண்ணீரைச் சேர்த்தால் தராசு 28 கிலோ காட்டும். ரப்பர் அதே 8 கிலோதான். எடைக்கு மட்டும் காசு என்றால் வாளியில் தண்ணீர் ஏறும். ஓர் அளவையே குறியாக்கிவிட்டால் அந்த அளவு கெட்டுப்போகும் என்பதைப் பொருளியலார் குட்ஹார்ட் விதி என்பர். சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பிரிட்டனின் நாணயக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது சொன்னது அது. பிறருக்குக் காட்டும் கணக்கில் மட்டும் தண்ணீர் கலக்கும் என்று நினைக்க வேண்டாம். தினம் இரண்டு மணி நேரம் படிப்பதைக் குறியாக வைத்த மாணவி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியும். ஏட்டில் ‘2’ என்று விழும். அவளுக்கும் ஒரு மெட்ரோலாக் தேவை. பழைய எஸ்பிஎம் தேர்வுத் தாளொன்றைப் புத்தகம் மூடிப் போட்டுப் பார்ப்பது அந்த வேலையைச் செய்யும்.

தோட்டத்தில் மூன்றாவதாக ஓர் அளவும் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. தண்டலோ கங்காணியோ நிரைக்குள் வந்து வெட்டைப் பார்ப்பார். உளி பட்டைக்குள் போதிய ஆழம் போக வேண்டும். ஆனால் கட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய வளர்படையைத் தொடக் கூடாது. தொட்டால் காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை கரடுமுரடாக வளரும், சில ஆண்டு கழித்து அதே பக்கம் வெட்டத் திரும்பும்போது உளி ஓடாது. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் பட்டை போனால் சரி. அதற்கு மேல் சீவினால் மரத்தின் ஆயுள் வீண். அவசரமாக, ஆழமாக வெட்டுகிறவருக்கு இன்றைய தராசு நல்ல எண்ணைக் காட்டக்கூடும். அதன் விலையை மரம் பிற்பாடு வசூலிக்கும்.

எடை விளைவைச் சொல்கிறது. வெட்டு செயலைச் சொல்கிறது. பெஞ்சமின் ஹார்க்கினும் சக ஆய்வாளர்களும் 2016-இல் 138 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 19,951 பேரின் தரவை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது இந்த வேறுபாடு தெளிவாக விழுந்தது. அடிக்கடி அளந்து பார்க்கும்படி செய்தால் இலக்கை எட்டுவது கூடுகிறது என்பது அவர்களின் பொது முடிவு. கூடவே இன்னொன்று: செயலை அளந்தவர்களிடம் செயல் மாறியது, விளைவை அளந்தவர்களிடம் விளைவு மாறியது, ஒன்றை அளந்தால் மற்றது தானாக மாறிவிடவில்லை. எடை குறைக்க நினைப்பவர் தினமும் தராசில் ஏறி இறங்குவதால் மட்டும் நடைப்பயிற்சி கூடாது. நடந்த தூரத்தைத் தனியே எழுத வேண்டியிருக்கிறது. விளைவு கையில் இல்லை, செயல் கையில் இருக்கிறது என்பதால் செயலை மட்டும் அளந்தால் போதும் என்று சிலர் சொல்வதும் பாதிதான் சரி. அழகாக வெட்டியும் பால் வராத மரம் உண்டு. அது தராசில்தான் தெரியும்.

அடுத்த சிக்கல், எண் காட்டும் ஏற்ற இறக்கத்தில் எது செய்தி, எது வெறும் இரைச்சல் என்பது. மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். புதுத் தளிர் முற்றும்வரை பால் குறைவு. பிப்ரவரி எண்ணை நவம்பர் எண்ணோடு ஒப்பிட்டுத் தொழிலாளியைக் குறை சொல்வது மரத்தின் வேலையை மனிதன் தலையில் கட்டுவது. போன பிப்ரவரியோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். சொந்த இலக்குகளிலும் பருவம் உண்டு: தீபாவளி மாதச் சேமிப்பை ஜூன் மாதச் சேமிப்போடு வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

இரைச்சல் இன்னொரு மாயத்தையும் செய்யும். ஒரு நாள் எடை மிகக் குறைந்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் மறுநாள் வழக்கமான அளவை நோக்கித் திரும்பும் வாய்ப்பே அதிகம். இடையில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை திட்டியிருந்தால், திட்டியதால் பால் கூடியது என்று அவருக்குத் தோன்றும். மிக நன்றாக வந்த நாளில் பாராட்டியிருந்தால் மறுநாள் குறையும். பாராட்டினால் கெட்டுப்போகிறார்கள் என்றும் தோன்றும். இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சியாளர்கள் இதே முடிவில் உறுதியாக இருந்ததை உளவியலார் டேனியல் கானமன் கண்டு விளக்கினார். புள்ளியியலில் இது சராசரிக்குத் திரும்புதல். ஒரு நாள் சறுக்கலுக்காகத் தன்னையே திட்டிக்கொள்கிறவர் தனக்குத் தானே துரையாகி அதே பிழையைச் செய்கிறார்.

ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பது அளக்கப்படும் பொருளின் இயல்பைப் பொறுத்தது. நீரிழிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலேசிய இந்தியரிடையே பரவலாக உள்ள நோயும் கூட. விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அந்த வேளையின் கணக்கு. காலையில் தின்ற ரொட்டி சானாய் அதில் அப்படியே தெரியும். எச்பிஏ1சி என்னும் சோதனையோ இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பார்ப்பது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டும். அதை வாரந்தோறும் எடுப்பதில் பொருளில்லை; கிளினிக்குக்குப் போவதற்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்றவும் வழியில்லை. வேகமாக மாறுவதை அடிக்கடி பார்ப்பதும், மெல்ல மாறுவதை இடைவெளி விட்டுப் பார்ப்பதும், இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் இருப்பதும் கண்காணிப்பின் பாதி வேலை.

தொலைவில் இருக்கும் குறியை இடைக் குறிகளாக வெட்டிக்கொள்வது இதோடு சேர்ந்த உத்தி. ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கில் பின்தங்கிய சிறுவர்களுக்கு 42 பக்கக் கழித்தல் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஏழு அமர்வுகளில் 42 பக்கத்தையும் முடிக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, அமர்வுக்கு ஆறு பக்கம் என்று சொல்லப்பட்டவர்கள் கணக்கையும் நன்றாகக் கற்றார்கள், தம் திறமையில் நம்பிக்கையும் பெற்றார்கள். மொத்த வேலை இரண்டு சாராருக்கும் ஒன்றே. மலேசியாவின் ஊழியர் சேமநிதி 55 வயதுக்கான அடிப்படைச் சேமிப்பாகப் பல ஆண்டுகள் வைத்திருந்த 240,000 வெள்ளியும், மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுக்கு என்று கணக்கிட்டு வைத்ததே. ஆறிலக்கத் தொகையைத் தனியே காட்டினால் தொழிற்சாலைத் தொழிலாளி மிரண்டு போவார். இன்ன வயதில் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற வயதுவாரிப் பட்டியல் அதை எட்டிப் பார்க்கக்கூடிய படிகளாக ஆக்குகிறது.

எழுதி வைப்பதற்குத் தனி வலிமை உண்டு. மனக்கணக்கைவிட ஏட்டில் எழுதிய கணக்கும், தனக்குள் வைத்துக்கொண்டதைவிடப் பிறர் அறியச் சொன்னதும் கூடுதல் பயன் தந்ததை ஹார்க்கின் குழுவின் தொகுப்பும் காட்டியது. அமெரிக்காவில் எடை குறைக்கும் திட்டமொன்றில் சேர்ந்த ஏறத்தாழ 1,700 பேரை ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில், தினமும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள் எழுதாதவர்களைப் போல இரு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். மலாக்கா நகரில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் இதை ஒழுங்குமுறையாகவே வைத்திருந்தனர். ஊரிலிருந்து மூன்று ஆண்டுத் தவணைக்குக் கப்பலேறி வந்த மேலாள் அவ்வப்போது ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு அனுப்பியாக வேண்டும். அன்றாடம் எழுதும் பேரேடு ஒன்று, காலம் குறித்து எடுக்கும் ஐந்தொகை ஒன்று. இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில்.

தோட்ட லயங்களில் பெண்கள் போட்ட கூட்டும் சாட்சி வைத்த சேமிப்புதான். பத்துப் பேர், மாதம் நூறு வெள்ளி, மாதம் ஒருவருக்கு ஆயிரம். தனியே உண்டியலில் போட்டால் மூன்றாம் மாதம் உடைகிற கை, ஒன்பது பேர் எதிர்பார்த்து நிற்பதால் மாதம் தவறாமல் கொடுக்கிறது. நடத்துகிறவர் பணத்தோடு மறைந்துவிட்டால் கேட்க நாதியில்லை என்பது மறுபக்கம். அதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971-இல் வந்த மலேசியச் சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது.

இதே சிறு தவணை ஒழுங்கு ஒருமுறை பெரிய காரியத்துக்கும் பயன்பட்டது. 1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினர். வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றனர். தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரிடம் பேசி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பால் வெட்டுக் கூலியில் பத்து வெள்ளி சின்னத் தொகையல்ல. ஆனால் நூறைப் பத்துச் சமப் பங்காக்கியதால் எங்கே நிற்கிறோம் என்பது விரல்விட்டு எண்ணினாலே தெரியும்.

இப்படி எண்ணுவதில் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதும் பொருட்டானது. குறி நெருங்க நெருங்க வேகம் கூடும் என்ற கருத்தைக் கிளார்க் ஹல் 1932-இல் முன்வைத்து, பிறகு எலிகளிடம் கண்டார். தீனிக்கு அருகில் வந்த எலி வேகமாக ஓடியது. தொடக்கத்தில் புதுமையின் உற்சாகம், முடிவில் நெருக்கத்தின் உற்சாகம், தொய்வு நடுவில்தான். மின்ஜங் கூ, அயலெட் ஃபிஷ்பாக் இருவரும் 2012-இல் காட்டியபடி, எந்தப் பகுதி சிறியதோ அதைப் பார்க்கிறவர்களுக்கே ஊக்கம் அதிகம். மூன்று தவணை கட்டியவர் ‘மூன்று கட்டியாயிற்று’ என்று பார்க்க வேண்டும். எட்டுக் கட்டியவர் ‘இன்னும் இரண்டுதான்’ என்று பார்க்க வேண்டும்.

அளந்து பார்ப்பது கெடுதலும் செய்யும். செயல்திறன் பற்றிப் பின்னூட்டம் தரும் முறைகளை ஆவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996-இல் தொகுத்து ஆராய்ந்தனர். சராசரியில் பயன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டத்துக்குப் பிறகு திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆள்மீது திரும்பும்போது இது நேர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘ஏழாம் நிரையில் வெட்டு மேலேறுகிறது, உளியைச் சாய்த்துப் பிடி’ என்பது வேலையைப் பற்றியது. பெரட்டில் நாலு பேர் முன்னால் ‘உனக்கெல்லாம் எதற்கு உளி’ என்பது ஆளைப் பற்றியது. அதைக் கேட்டவர் உளியை நினைக்கமாட்டார், அவமானத்தை நினைப்பார். தன் ஏட்டில் தானே ‘சோம்பேறி’ என்று எழுதிக்கொள்வதும் இந்த வகைதான்.

அதற்குப் பயந்தே பலர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டதென்ற பூனையின் கதை இது. ஆய்வாளர் தாமஸ் வெப் குழுவினர் 2013-இல் இதற்கு நெருப்புக்கோழிப் பிரச்சினை என்று பெயரிட்டனர். பங்குச் சந்தை இறங்கும் நாட்களில் முதலீட்டாளர் தம் கணக்கைத் திறந்து பார்ப்பது குறைவதும் பதிவாகியிருக்கிறது. திருத்தம் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அளவு நின்றுபோகிறது. நல்ல எண்ணும் ஆபத்தில்லாதது அல்ல. உடல் எடை குறைப்பதில் நல்ல முன்னேற்றம் கண்டிருப்பதாக எண்ண வைக்கப்பட்டவர்களில் 85 விழுக்காட்டினர் ஆப்பிளை விட்டுச் சாக்லேட்டை எடுத்தனர். அப்படி எண்ணாதவர்களில் 58 விழுக்காட்டினர்தான் எடுத்தனர். ஃபிஷ்பாக்கும் ரவி தாரும் 2005-இல் வெளியிட்ட சோதனை இது. ‘இவ்வளவு வந்தாயிற்று’ என்பது ஓய்வுச் சீட்டாகவும் ஆகலாம். ‘இது எனக்கு இவ்வளவு முக்கியம்’ என்பதன் சாட்சியாகவும் ஆகலாம். ஏட்டிலுள்ள எண் ஒன்றே.

செக்ரோல் என்னும் தோட்டத்துச் சம்பள ஏட்டின் குறையும் இங்கே தெரிகிறது. அதில் வருகை, எடை, கூலி எல்லாம் இருந்தன, குறி தோட்டத்தினுடையது. அதில் பெயர் உள்ளவர் மகளைப் படிக்க வைக்க நினைத்தாரா, டவுனில் வீடு வாங்க நினைத்தாரா என்பதற்குப் பத்தி கிடையாது. ஏடு கிராணியின் மேசையில் இருந்தது. அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், ஒப்பீட்டையும் திருத்தத்தையும் வேறொருவர் செய்தால் அது மேற்பார்வை, தன்கண்காணிப்பு ஆகாது.

திருத்தம்தான் பலரும் விட்டுவிடும் உறுப்பு. வாரக் கடைசியில் ஏட்டைப் பார்த்து ‘இனிமேல் ஒழுங்காகச் செய்ய வேண்டும்’ என்று மூடினால் சுற்று முடியவில்லை. பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த எளிய முறை, இடத்தையும் நேரத்தையும் செயலோடு கட்டிவைப்பது: ‘ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும், வீட்டுக்குள் போகுமுன் இரண்டு சுற்று நடப்பேன்.’ இந்த வகைத் திட்டம் பற்றிய 94 சோதனைகளை அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் தொகுத்தபோது, வெறும் எண்ணத்தைவிட இது கணிசமாகப் பலித்திருந்தது. எவ்வளவு நாளாகும் என்ற கணிப்பையும் பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டே போட வேண்டும். 1994-இல் வெளியான கனடா ஆய்வொன்றில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்ற மாணவர்களுக்கு 55 நாளுக்கு மேலானது. முன்பும் இப்படித் தாமதமானதை மனம் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏடு சேர்க்கும்.

சில நேரம் திருத்தப்பட வேண்டியது செயலாக இராது, குறியாகவே இருக்கும். எட்ட முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் கூடுதல் மனநலத்தோடு இருப்பதாகக் கார்ஸ்டன் ரோஷ் குழுவினரின் 2003-ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. ரப்பர் மரத்துக்கும் இந்தக் கட்டம் உண்டு. இரண்டு பக்கமும் பட்டை தீர்ந்து, ஏறத்தாழ முப்பது வயதில் பால் வற்றும்போது உளியைத் தீட்டிப் பயனில்லை; மரத்தைச் சாய்த்துவிட வேண்டும். மலாக்காவில் அப்படிச் சாய்ந்த பல தோட்டங்களில் பிறகு எழுந்தது செம்பனை. குறி மாறியதும் அளவும் மாறியது: மங்கும் மெட்ரோலாக்கும் போயின, பழுத்த குலையா காய்க்குலையா என்று பிரித்து எண்ணும் ஏடு வந்தது.